1/48 எஃப்-14 டாம்கேட்: ஹசேகாவாவின் பழைய அச்சுக் கிட்டைக் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கிட்டுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்?

ஜப்பானிய மாதிரி நிறுவனமான ஹசேகாவா, அமெரிக்கக் கடற்படையின் போர் விமானமான எஃப்-14 டாம்கேட்டின் பிளாஸ்டிக் கிட்டை 1/48 அளவில் (அசலில் 48இல் ஒரு பங்கு) வெளியிட்டது 1980களின் இறுதியில். மேற்பரப்பில் குழிந்த மெல்லிய பேனல் கோடுகள் (உடல் தகடுகள் சேரும் கோடுகள்) இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கின்றன. சிக்கல் பாகங்களைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. ஒரே அச்சிலிருந்து ஏ, பி, டி என எல்லா வகைகளையும் எடுக்க வேண்டும் என்பதற்காக மூக்கையும் காக்பிட்டையும் சேர்த்த முன் உடலை இடம்-வலமாகவும், எஞ்சின்கள் இருக்கும் பின் உடலை மேல்-கீழாகவும் வெட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டும் சந்திக்கும் இடம், எஞ்சினுக்குக் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் பெட்டிகள் வந்து ஒட்டும் இடம், இறக்கையின் தோள்பட்டை ஆகிய மூன்றும் விமானத்தின் நடுவிலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் அது மற்ற இரண்டிலும் போய் நிற்கும்.

டாமியா கிட் இருக்கும்போது இதை ஏன் கட்ட வேண்டும்?

சுலபமாகக் கட்ட வேண்டும் என்றால் டாமியாதான். 2016இல் வந்த அவர்களின் 1/48 எஃப்-14ஏ கிட்டத்தட்டத் தானாகவே பொருந்தும். 2018இல் டி வகையும் வந்துவிட்டது. ஆனால் ஹசேகாவா பெட்டிகள் பலரின் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன, பழைய பெட்டிகள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன, உருவமும் சரியாக இருக்கிறது. இணைப்புக் கோட்டை மறைப்பது, பேனல் கோட்டை மறுபடி கீறுவது, முட்டு வைத்து அகலத்தைச் சரிசெய்வது எல்லாம் இந்த ஒரே கிட்டில் பழக்கத்துக்கு வந்துவிடும். இதற்கு முன் நான்கைந்து ஜெட் கிட்களாவது கட்டியிருப்பது நல்லது. முதல் கிட்டாக இதை எடுக்க வேண்டாம்.

முடிந்த மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்கும்?

அசல் விமானத்தின் நீளம் சுமார் 19.1 மீட்டர், மாதிரியில் அது கிட்டத்தட்ட 40 செ.மீ. இறக்கையை முழுக்க விரித்தால் அகலம் 41 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, பின்னோக்கி மடித்தால் 24 செ.மீ. அலமாரியின் ஆழத்தை அளந்து பார்த்துவிட்டு இறக்கையை எப்படி வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

எந்த விமானம், எந்த ஆண்டு என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானிக்க வேண்டுமா?

கட்டாயம். பசையைத் திறப்பதற்கு முன்பே. டாம்கேட்டின் சிறு பாகங்கள் காலத்துக்குக் காலம் மாறின. மூக்கின் இடப்பக்கம் இருக்கும் 20 மி.மீ. பீரங்கியின் வாயு வெளியேறும் துளைகள் ஆரம்ப விமானங்களில் நீள்வரிசைக் கீற்றுகளாக இருந்தன, பின்னாளில் வேறு வடிவத்துக்கு மாறின. தாடையின் கீழ் தொங்கும் உறையும் அப்படித்தான். ஆரம்பத்தில் சிறிய குமிழ், 1980களில் தொலைக்காட்சிக் கேமரா உறை, டி வகையில் பக்கத்துப் பக்கமாக இரட்டை உறை. எஞ்சினைப் பார்த்தால் ஏ வகையில் டி.எஃப்.30, பி, டி வகைகளில் எஃப்.110. இரண்டின் நாசில்களும் (எஞ்சினின் பின்வாய்கள்) பார்வைக்கே வேறு. இருக்கையும் டி வகையில் மாறிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. 1981 ஆகஸ்ட் 19 அன்று சித்ரா வளைகுடாவில் இரண்டு லிபிய சுகோய்-22களை வீழ்த்திய வி.எஃப்-41 பிரிவின் விமானங்களைக் கட்டுகிறீர்கள் என்றால் கேமரா உறை வரக்கூடாது. 1989 ஜனவரி 4 அன்று இரண்டு மிக்-23களை வீழ்த்திய வி.எஃப்-32 விமானங்கள் என்றால் அது இருந்தே ஆக வேண்டும். பெட்டிக்குள் இரண்டு பாகங்களுமே இருக்கக்கூடும், விளக்கத்தாள் எப்போதும் சரியாகச் சொல்லாது. அந்த எண் கொண்ட விமானத்தின், அந்த ஆண்டின் புகைப்படம் ஒன்றையாவது தேடி எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பொருட்கள் வேண்டும்?

வழக்கமான கத்தி, பக்கவெட்டி, சாமணம் போக இந்தக் கிட்டுக்கென்று தேவைப்படுபவை இவை. டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். 0.13, 0.25, 0.5, 1 மி.மீ. தடிமன் கொண்ட பிளாஸ்டிக் அட்டைகள். டாமியாவின் பச்சை மூடி மெல்லிய பசை. சூப்பர் குளூவில் நீர்மமானது ஒன்று, கெட்டியானது ஒன்று. சிறு கோடுகளை நிரப்பும் அடிப்பூச்சான மிஸ்டர் சர்ஃபேசர் 500, 1000. 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். கோடு கீறும் ஊசி, அதற்கு வழிகாட்டும் தடிமனான லேபிள் டேப்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயின்ட் கலந்து அடித்தால் பிளாஸ்டிக்கின் மேல்தோல் இளகிச் சொரசொரப்பாகிவிடும்.

லாக்கர் பெயின்ட் அடிப்பவர்கள் வேதி ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி போட வேண்டும். என்-95 தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் சமாதானமே வேண்டாம்.

விளக்கத்தாள் சொல்லும் வரிசையிலேயே போகலாமா?

காக்பிட் வரை போகலாம். அதன்பிறகு வரிசையை மாற்றுவது நல்லது. விளக்கத்தாள் முன் உடலை முழுக்க முடித்து, பின் உடலை முழுக்க முடித்து, கடைசியில் இரண்டையும் சேர்க்கச் சொல்லும். அப்படிச் செய்தால் பொருந்தாதபோது உள்ளே கைவைக்க வழியிருக்காது. பின் உடலின் மேல், கீழ்ப் பாகங்களைப் பசையில்லாமல் டேப்பால் சேர்த்துக்கொண்டு, காக்பிட் தொட்டியை உள்ளே வைத்து டேப்பால் மூடிய முன் உடலை அதோடு பொருத்திப் பாருங்கள். இன்டேக்குகளையும் அதே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே படி (ஒரு பக்கம் உயர்ந்து நிற்பது) விழுகிறது, எங்கே இடைவெளி தெரிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் பசை. இந்த ஒரு வேலைக்கே ஒரு முழு மாலை ஒதுக்கலாம்.

காக்பிட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

நிறம் எளிது. உள்ளே டார்க் கல் கிரே, அதாவது அமெரிக்க அரசு நிறத் தரக் குறியீட்டில் எஃப்.எஸ். 36231 (மிஸ்டர் கலர் பெயின்ட் எண் 317). கருவிப் பலகைகள் கறுப்பு. கவனிக்க வேண்டியது தொட்டியின் அகலம். தொட்டி ஒரு துளி அகலமாக இருந்தாலும் முன் உடலின் இரு பாதிகளையும் வெளியே தள்ளும், பிறகு பின் உடலோடு சேரும் இடத்தில் இருபக்கமும் படி விழும். வெளியிலிருந்து வாங்கிய ரெசின் காக்பிட் என்றால் இது இன்னும் அதிகம். தொட்டியின் பக்கச் சுவர்களை வெளிப்புறமாகத் தேய்த்து மெலிய வைத்து, பாதிகள் விரல் அழுத்தம் இல்லாமலே மூடும்வரை பொருத்திப் பாருங்கள். ரெசினைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முன் உடலும் பின் உடலும் சேரும் இடத்தில் படி விழுகிறது. புட்டி போட்டு நிரப்பிவிடலாமா?

கூடாது. எல்லாரும் தோற்பது இந்த இடத்தில்தான். படி என்பது உயர வேறுபாடு. அதைப் புட்டியால் சரிவாக்கினால் மேலே பெயின்ட் விழுந்ததும் விமானத்தின் கழுத்தில் ஒரு வீக்கம் தெரியும். 0.1 மி.மீ. படி என்பது அசல் விமானத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. உயரம், அப்படி ஒரு படி அங்கே இருக்கவே முடியாது. முதலில் வடிவத்தைச் சேர்க்க வேண்டும், பிறகு மிஞ்சும் மயிரிழைக் கோட்டை மட்டும் நிரப்ப வேண்டும்.

இரு பக்கத்தின் அகலத்தையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன் உடல் குறுகலாக இருந்தால் உள்ளே குறுக்காக 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் ஒரு முட்டு வெட்டி வையுங்கள். தேவையான நீளத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, தேய்த்துத் தேய்த்துக் குறைத்தால் சரியான அகலம் கிடைக்கும். பின் உடல் குறுகலாக இருந்தால் முட்டு அந்தப் பக்கம். முன் உடல் அகலமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் காக்பிட் தொட்டிதான், அங்கே திரும்பிப் போங்கள்.

அகலம் சேர்ந்த பிறகும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சரியாக வராமல் போகலாம். அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கேனபிக்கு (காக்பிட்டின் கண்ணாடி மூடி) பின்னால் வரும் முதுகு முதலில் சரியாக வர வேண்டும். வளைவும் நுண்விவரமும் அங்கேதான் அதிகம், கண் முதலில் போவதும் அங்கேதான். அடுத்து பக்கங்கள். மிச்சத் தவறு முழுவதையும் வயிற்றுப் பக்கம் தள்ளுங்கள். அங்கே பரப்பு தட்டையானது, தேய்க்க இடம் இருக்கிறது, மாதிரி சக்கரத்தில் நின்றபின் யாரும் பார்க்கப்போவதும் இல்லை.

ஒட்டும் முறை இப்படி. பின் உடலின் உள்விளிம்பில் 1 மி.மீ. அட்டையில் 8 மி.மீ. அகல நாக்குகள் நான்கை ஒட்டி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். முன் உடல் இவற்றின்மேல் ஏறி அமரும். முதுகில் ஒரு துளி சூப்பர் குளூ வைத்துத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இப்போது தட்டையான கண்ணாடிப் பலகைமேல் வைத்து இரண்டு கோணத்தில் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு தொங்கவோ நிமிரவோ கூடாது. முன்னாலிருந்து பார்த்தால் காக்பிட்டின் விளிம்புகள் பின் உடலின் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பார்க்க மறந்துவிட்டு, இறக்கை ஒட்டிய பின்பு மூக்கு முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

சரி என்றால் மெல்லிய பசையைத் தூரிகையால் கோட்டில் ஓடவிட்டு, சில விநாடிகள் கழித்து இரு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மெல்லிய கயிறுபோல் பிதுங்கி வர வேண்டும். 48 மணி நேரம் தொடாதீர்கள்.

நன்றாகத் தேய்த்து மழுமழுவென்று ஆக்கினேன். பெயின்ட் அடித்து ஒரு வாரம் கழித்துக் கோடு மறுபடி தெரிகிறது. ஏன்?

சுருக்கம்தான் காரணம். பசையால் இளகிய பிளாஸ்டிக்கில் கரைப்பான் இருக்கிறது, குழாயில் வரும் லாக்கர் புட்டியிலும் இருக்கிறது. அது மெல்ல வெளியேறும்போது அந்த இடம் தாழும். முழுதாகத் தாழ்வதற்கு முன்பே தேய்த்து மட்டமாக்கினால், தாழ்வது பெயின்டுக்கு அடியில் நடக்கும். இணைப்பை இரண்டு மூன்று நாள் காயவிட்டுத் தேய்ப்பதும், ஆழமான இடைவெளியைப் புட்டியால் நிரப்பாமல் பிளாஸ்டிக் அட்டைச் சீவலைச் செருகி நிரப்புவதும்தான் தீர்வு.

மிச்சக் கோட்டுக்குக் கெட்டியான சூப்பர் குளூவில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சம அளவு குழைத்துப் பூசலாம். அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், பிறகு தேய்க்கும்போது பிளாஸ்டிக் கரைந்து பசை மட்டும் மேடாக நிற்கும். மேலே மிஸ்டர் சர்ஃபேசர் 500 ஒரு பூச்சு, 600 தாளில் தேய்ப்பு, 1000 தெளிப்பு, சாய்வான வெளிச்சத்தில் பரிசோதனை. இரண்டு சுற்றாவது ஆகும்.

இன்டேக் குழாய்க்குள் கோடும் வட்டத் தழும்புகளும் தெரிகின்றன. உள்ளே கை போகவில்லையே?

மூன்று வழிகள் உண்டு. பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே இரு பாதிகளிலும் தழும்புகளை நிரப்பித் தேய்த்து, ஒட்டிய பின் ஐஸ்குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் நடுக்கோட்டைத் தேய்ப்பது நேர்வழி. இன்னொன்று, குழாயின் வாயை டேப்பால் அடைத்து, நீர்க்கக் கரைத்த வெள்ளைப் பெயின்டை உள்ளே ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்து வடியவிடுவது. இரண்டு முறை செய்தால் சிறு கோடுகள் நிரம்பிவிடும். தலைகீழாக நிறுத்திக் காயவையுங்கள், இல்லையென்றால் அடியில் குட்டைபோல் தேங்கும். மூன்றாவது வழி சிவப்பு நிற மூடிகள். நிறுத்தி வைத்த விமானத்தின் இன்டேக்கை மூடி வைப்பது நடைமுறைதான், அதனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 0.5 மி.மீ. அட்டையில் வாயளவு வெட்டிச் சிவப்படித்தால் போதும்.

பெட்டியை உடலோடு ஒட்டும்போது, வெளிப்பக்கக் கோட்டைவிட இறக்கைத் தோளுக்கு அடியில் வரும் மேல்விளிம்பை முதலில் சரிசெய்யுங்கள். அங்கே உப்புத்தாள் நுழையாது.

இறக்கை அசையும்படி வைக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. அசைத்தால் பெயின்ட் உரியும், சுழலும் அச்சு தளர்ந்து இறக்கை தொங்கும். பறக்கும்போது இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னோக்கிப் போகும், கப்பல் தளத்தில் இடம் மிச்சப்படுத்த 75 டிகிரி வரை மடிப்பார்கள். கீழே இறக்கிய ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) வேண்டுமென்றால் இறக்கை முன்னால்தான் இருக்க வேண்டும். மடித்த இறக்கையில் ஃபிளாப்பை இறக்கி வைத்த மாதிரிகளைப் போட்டிகளில் பார்க்கிறோம், அது நடக்கவே முடியாத நிலை.

இறக்கையை உள்ளே சிக்க வைத்து மேல்-கீழ் உடலை ஒட்டினால் பெயின்ட் அடிக்கும் மூன்று மாதமும் அது இடையூறு செய்யும். சுழலும் அச்சுத் துளையின் ஒரு பக்கத்தைப் பிறைபோல் வெட்டித் திறந்துவிட்டால், எல்லாம் முடிந்த பிறகு இறக்கையைப் பக்கவாட்டில் செருகிக்கொள்ளலாம். வெட்டும் முன் இரு பக்கமும் பொருத்தி, முனைகளிலிருந்து மேசைவரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் செருகும் இடத்தின் அடியில் 0.25 மி.மீ. அட்டைத் துண்டு ஒன்று போதும்.

தேய்த்ததில் பேனல் கோடுகள் அழிந்துவிட்டன.

அழியத்தான் செய்யும். தேய்க்க ஆரம்பிக்கும் முன்பே அருகில் உள்ள கோடுகளை ஊசியால் சற்று ஆழப்படுத்தி வைத்தால் பாதி தப்பிக்கும். அழிந்ததை மறுபடி கீற லேபிள் டேப்பை ஒட்டி, ஊசியை அழுத்தாமல் எடையில்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள். அழுத்தினால் முதல் இழுப்பிலேயே வழுக்கும். வழுக்கிய கோட்டைச் சூப்பர் குளூவால் நிரப்பி உடனே தேய்க்கலாம். சர்ஃபேசர் நிரப்பிய இடத்தின் குறுக்கே கீறினால் விளிம்பு பொரிந்து உதிரும், குறுக்கே கோடு வரும் இடங்களில் ஆரம்பத்திலேயே சூப்பர் குளூவையே நிரப்பியாகப் பயன்படுத்துங்கள்.

கேனபி ஒட்டியதும் உள்ளே பனி படர்ந்தது போல் ஆகிவிட்டது.

சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகத்துக்கு அதைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், மிஞ்சியதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். பனி ஏற்கெனவே படர்ந்திருந்தால் கழற்றி 2000 தாள், அதற்கு மேற்பட்ட மெருகுத் தாள்கள், பாலிஷ் என்று ஏறி வர வேண்டும். நடுவே அச்சுக் கோடு தெரிந்தாலும் இதே வழிதான்.

சென்னையில் இருக்கிறேன். கிளாஸ் லாக்கர் அடித்தால் வெளிறிப் போகிறது.

காற்றில் இருக்கும் ஈரம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதன்மேல் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரைப் பயன்படுத்துங்கள். ஏ.சி. உள்ள அறை என்றால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஈரத்தை இறக்கிய பின் அடியுங்கள், இல்லாவிட்டால் மழை இல்லாத நாளில் நண்பகலில். ஈரம் பிரிக்கும் குடுவையைக் கம்ப்ரசரில் மட்டும் வைத்தால் போதாது. குழாய்க்குள் குளிர்ந்து நீராகிறது, கைப்பிடிக்கு அருகில் இன்னொன்று வேண்டும். வெளிறிய இடத்தில் வெறும் லெவலிங் தின்னரை மெல்லிய மூடுபனிபோல் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நிறங்களைச் சொல்லுங்கள்.

1970களின் விமானங்களுக்கு மேலே பளபளப்பான லைட் கல் கிரே, எஃப்.எஸ். 16440 (மிஸ்டர் கலர் 315), கீழே பளபளப்பான வெள்ளை, 17875 (316). பிறகு உடல் முழுக்க 16440. 1980களில் மூன்று மங்கலான சாம்பல்கள் வந்தன. முதுகில் 35237 (337), பக்கங்களில் 36320 (307), அடியில் 36375 (308). ஈரானுக்கு 79 விமானங்கள் போயின. அவற்றுக்கு மேலே மணல், பழுப்பு, பச்சை: 20400, 30140, 34079. அடியில் 36622. சக்கரக் குழிகளும் கால்களும் பளபளப்பான வெள்ளை.

மூன்று சாம்பல் திட்டத்தில் வெளிர் நிறத்திலிருந்து ஆரம்பித்து அடர்ந்ததில் முடியுங்கள். நிறங்கள் சேரும் ஓரம் மென்மையாக இருக்க வேண்டும், டேப் ஒட்டினால் கத்திபோல் வெட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டும் களிமண் போன்ற ப்ளூ டேக்கைப் புழுபோல் உருட்டி வைத்து, அதன்மேல் காகிதத்தைப் பரப்பில் படாமல் நிறுத்தி அடியுங்கள். 0.3 மி.மீ. முனை, பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, காற்றழுத்தம் 12 முதல் 15 பி.எஸ்.ஐ.

பழைய டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னத்தாள்) மஞ்சளாகிவிட்டது. பயன்படுத்தலாமா?

தாளை உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வையுங்கள். சில நாட்களில் மஞ்சள் குறையும். பிறகு தேவையில்லாத ஓர் எழுத்தை வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுக்கக் கிளியர் லாக்கர் தெளித்துக் காயவைத்த பின், ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தோடு ஒட்டி வெட்டிப் பயன்படுத்தலாம். பழைய ஹசேகாவா டீக்கால்களின் வெள்ளை புதிதாக இருந்தபோதே தந்த நிறம்தான். வெள்ளை முக்கியமாகத் தெரியும் பிரிவு என்றால் வெளியில் வேறு தாள் வாங்குங்கள்.

ஒட்டிய பின் வெள்ளியாகப் பளபளத்தால் அடியில் காற்று இருக்கிறது. மங்கலான பெயின்டின் சொரசொரப்பில் நேராக ஒட்டியதே காரணம். முதலில் கிளாஸ் பூச்சு, பிறகு டீக்கால். வெள்ளி தெரியும் இடத்தில் ஊசியால் பல துளை குத்தி, டீக்காலை இளக்கும் திரவமான மார்க் சாஃப்டர் விடுங்கள். சாஃப்டர் விட்டதும் டீக்கால் சுருங்கும், பதறிப்போய்த் தொடாதீர்கள், தானே படியும்.

எவ்வளவு அழுக்கு சேர்க்கலாம்?

மூன்று சாம்பல் நிறக் கப்பல் விமானங்கள் உண்மையிலேயே மிக அழுக்காக இருந்தன. உப்புக் காற்று அரித்த இடங்களில் தளத்திலேயே பெயின்ட் தொட்டு வைப்பார்கள், அந்தத் திட்டுகள் அடிப்படை நிறத்தோடு ஒத்துப்போகாது. 36320இல் சில துளி வெள்ளையும் சில துளி நீலமும் தனித்தனியாகக் கலந்து பேனல் கோடுகளை ஒட்டிச் சிறு திட்டுகளாக அடிப்பது நன்றாக அமையும். இறக்கை மடங்கும் தோளில் அழுக்கு வில்போல் வளைந்து தேய்ந்திருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். 1970களின் பளபளப்பு விமானங்களோ துடைத்து வைத்த பாத்திரம் போல் இருந்தன. அவற்றுக்குக் கோடுகளில் மெல்லிய சாம்பல் வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) தாண்டி எதுவும் வேண்டாம்.

நாசில்கள் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா?

ஏ வகை நிறுத்தி வைத்திருக்கும் படங்களில் ஒன்று விரிந்தும் ஒன்று மூடியும் இருப்பதைப் பார்க்கலாம். கிட்டில் இரு வகையும் இருந்தால் அப்படி வைக்கலாம்.

ஆயுதங்கள் எவை, எத்தனை?

ஹசேகாவா பெரும்பாலும் ஆயுதங்களைத் தனிப் பெட்டியாக விற்கும் நிறுவனம், அதனால் உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆறு ஃபீனிக்ஸ் ஏவுகணைகளையும் மாட்டிவிட ஆசை வரும். அந்த எடையோடு கப்பலில் திரும்பி இறங்குவது சிரமம் என்பதால் அன்றாடப் பணியில் அப்படிப் போனதில்லை. இரண்டு ஃபீனிக்ஸ், இரண்டு ஸ்பாரோ, இரண்டு சைட்விண்டர், இன்டேக்குகளுக்கு அடியில் இரண்டு எரிபொருள் தொட்டிகள் என்றால் நம்பும்படி இருக்கும். வயிற்றில் ஃபீனிக்ஸ் தாங்கிகள் வைக்கப்போகிறீர்கள் என்றால் துளைகளை உடல் மூடும் முன்பே உள்ளிருந்து திறந்துவிட வேண்டும். வெளியிலிருந்து அளந்து துளைப்பது கொடுமை.

சக்கரத்தில் நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்கிறது.

கால்களைச் சூப்பர் குளூவில் ஒட்டியிருப்பீர்கள், திருத்த நேரம் கிடைத்திருக்காது. ஐந்து நிமிட எபாக்ஸியில் ஒட்டி, கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, இரு இறக்கை முனைகளின் உயரத்தையும் அளந்து, கெட்டியாகும்வரை தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து வையுங்கள். சாய்வு சிறிதாக இருந்தால் காலைத் தொட வேண்டாம். உயர்ந்த பக்கத்து டயரின் அடியை உப்புத்தாளில் லேசாகத் தட்டையாக்குங்கள். எடை தாங்கும் டயர் அசலிலும் அடியில் சற்று அமுங்கித்தான் இருக்கும்.